கடனிறுத்தலும் கணக்கறிந்த துணையும்

கடன் என்னுஞ் சொல் தமிழிலே இருபொருள் பயப்பது. செய்யவேண்டிய கடமையையும் அது குறிக்கும். திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளையும் அது குறிக்கும். மனிதன் தேவர்க்கும் முனிவர்க்கும் பிதிரர்க்கும் கடன்பட்டே பிறக்கின்றான் என்னும் வடநூற் கொள்கையிலும் இவ்விரு பொருளும் ஒன்றையொன்று தழுவியே நிற்கின்றன. ஒரே சொல்லுள் இரண்டும் அடங்கியமையால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. தீமையும் ஒன்று உண்டு. வாங்கியதைக் கொடுத்தே தீரவேண்டும் என்னும் உறுதி நம்மவர்க்கு இளமையிலேயே பதிந்துவிடுவது நன்மை. கொடுக்க இயலாது தவிப்பவன் தன்னைக் கடமை தவறியவனாக எண்ணித் தலைகவிழ்ந்து, எவர்க்குஞ் சொல்லாது மறைத்துவைப்பது தீமை. பெருங்கடனைப் பல்லாண்டுகளாகத் தீர்த்துவருவோர் இடைவழியில் மனந்தளர்வது ஏன், தளராது செல்வோர்க்குத் துணையாய் நிற்பது எது என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

கொழும்பு மாநகரிலே கடனின் வரலாற்றைக் காண விரும்புவோர் ஆடிவேல் விழாவின் தேர் செல்லும் வழியைத் தொடர்ந்து சென்றாலே போதும். புறக்கோட்டைச் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல், காலி வீதி வழியாகத் தெற்கே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பகுதிகளை நோக்கி வருகின்றது. அவ்விழாவை வளர்த்த நாட்டுக்கோட்டைச் செட்டிமாரே ஒருகாலத்தில் இந்நாட்டுக் கடைக்காரர்க்கும் தோட்டமுடையார்க்கும் கடன் கொடுத்தவர். ஆங்கிலேய வங்கிகளின் வாயில் இலங்கையர்க்கு எளிதில் திறவாத காலம் அது. செட்டிமார் அவ்வங்கிகளிற் பணம் பெற்றுப் பிறர்க்கு ஈந்தனர். 1925ஆம் ஆண்டிலே செட்டிமார் கடைகள் சில முறிவடைய, வங்கிகள் அவர்களுக்கு அளித்த கடனைச் சுருக்கின. இலங்கை வாணிகம் பெரிதும் அல்லலுற்றது. பின்னர் 1934இல் வங்கி விசாரணைக்குழு அமைந்ததும், 1939இல் இலங்கை வங்கி தோன்றியதும் அதன் தொடர்ச்சியே.

செட்டிமாரின் வட்டியைப் பற்றிப் பேசுவோர் பலர். அவர்தம் கணக்கு முறையைப் பற்றிப் பேசுவோர் சிலர். கடல்கடந்த கடையை நடத்தவந்த முகவர் பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்கே வந்தார். தவணை முடிவிற் பேரேடும் ஐந்தொகையும் அடுத்து வருபவர் கையில் ஒப்புவிக்கப்பட்டன. ஒருவர் எழுதிய கணக்கை இன்னொருவர் கண் கட்டாயம் காணும் என்பதே அம்முறையின் உயிர். கடன் கொடுத்தவர் கைக்கொண்ட இவ்வொழுங்கைக் கடன் வாங்கியவர் கைக்கொள்ளாமற் போனதே வியப்பு. வாங்கியவர் வீட்டிலே கணக்கு ஒருவர் நெஞ்சுக்குள் இருந்தது. மனைவிக்குத் தெரிந்தது பாதி. பிணை நின்றவர்க்குத் தெரிந்தது அதனினும் குறைவு.

செட்டியார் தெருவிற்கு வடக்கேயுள்ள கொட்டாஞ்சேனையையும் தெற்கேயுள்ள வெள்ளவத்தையையும் ஒப்பிட்டு நோக்கினால் இது தெளிவாகும். கொட்டாஞ்சேனையின் சிறு கடைக்காரரும் கூலித் தொழிலாளரும் நாள்வட்டிக்கு எடுத்த பணத்தை வசூலிக்க மாலைதோறும் ஆள் வருகின்றார். அவர் வருவதை அயலார் காண்கின்றனர். இழிவு என்று ஒருபால் தோன்றினும், இன்று கொடுக்க வழியில்லை என்றால் அடுத்த கடைக்காரர் நூறோ இருநூறோ எடுத்து நீட்டுவதும் அந்தக் காட்சியினாலேயே நிகழ்கின்றது. வெள்ளவத்தைத் தொடர்மாடியிலோ கடன் கதவுக்குள் இருக்கின்றது. வீடு வாங்கிய வங்கிக்கடன், மகள் திருமணத்திற்கென அடைவு வைத்த நகை, மகனை வெளிநாடு அனுப்ப வாங்கிய கைமாற்று, முதலில் எடுத்துச் செலவழித்த சீட்டு என நான்கும் சேர்ந்து ஒரு குடும்பத்தை அழுத்தும். ஒரே மின்தூக்கியில் ஏறியிறங்கும் அயலவர்க்கு ஒன்றும் தெரியாது. உத்தியோகம், ஆங்கிலம், வெள்ளைச் சட்டை ஆகியவற்றாற் கிடைத்த மதிப்பு உண்மையைச் சொல்ல விடுவதில்லை. இவ்விரண்டு ஊர்களுள் எதில் கடன் பெரிது என்பதைவிட, எதில் அது தனியே சுமக்கப்படுகின்றது என்பதே நோக்கற்பாலது.

கடன் தீர்க்கவென்றே உலகைச் சுற்றிய ஒருவர் இக்கொழும்புத் துறையில் இறங்கியதை இந்நகரத்தார் பலர் அறியார். அவர் அமெரிக்க எழுத்தாளர் மார்க் துவெயின். 1896ஆம் ஆண்டு சனவரி மாதம் அவுஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்து, கோட்டைப் பகுதியில் அக்காலத்திருந்த பிறிஸ்டல் ஹோட்டலிலே தங்கி, அப்பாற் பம்பாய்க்குச் சென்றார். கொழும்பின் வெயிலையும் மக்கள் உடையின் வண்ணங்களையும் பற்றி அவர் எழுதிய பக்கங்கள் 1897இல் வெளிவந்த பயணநூலில் உள்ளன. அவற்றைப் படிப்போர் உல்லாசப் பயணி ஒருவரின் குறிப்பென்றே கொள்வர். உண்மையில் அவர்க்கு அப்போது வயது அறுபது, உடல்நலம் குன்றியிருந்தது, மேடைப்பேச்சு அவர் விரும்பி ஏற்ற தொழிலும் அன்று.

அவர் பங்காளியாயிருந்த பதிப்பகம் 1894ஆம் ஆண்டு ஏப்ரலில் முறிந்தது. அச்செழுத்துக் கோக்கும் இயந்திரம் ஒன்றிலே அவர் கொட்டிய பெருந்தொகையும் பயனின்றிப் போயிற்று. ஏறத்தாழ நூறு பேர்க்குச் சுமார் ஓரிலட்சம் டொலர் கொடுக்கவேண்டியிருந்தது. இருப்பதைப் பங்கிட்டுக் கொடுத்து விலகிக்கொள்ளச் சட்டம் இடந்தந்தது. கடன்கொடுத்தோருட் பலர் பாதி பெற்றாற் போதும் என்னும் நிலையிலும் இருந்தனர். அவரோ முழுவதையும் கொடுப்பதென்று துணிந்தார். இத்துணிவை அவர் ஒருவரின் பெருந்தன்மை என்று கூறி முடித்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மையே.

முழுதும் கொடுத்தே தீரவேண்டும் என்பதில் அவர் மனைவி ஒலிவியா உறுதியாய் நின்றார். கணக்கைக் கையில் எடுத்தவர் ஹென்றி ரொஜேர்ஸ் என்னும் எண்ணெய்க் கம்பெனிச் செல்வர். வாணிகத்தில் இரக்கமற்றவர் என்று பெயர் பெற்ற இம்மனிதர், 1893இல் அறிமுகமான எழுத்தாளர்க்காகக் கடன்கொடுத்தோரோடு பேசினார்; நூல்களின் பதிப்புரிமை ஏலத்திற் போகாதவாறு அதனை ஒலிவியாவின் பெயர்க்கு மாற்றுவித்தார்; பேச்சினாலும் எழுத்தினாலும் வந்த பணத்தைத் தாமே பெற்றுப் பேணினார். பணத்தை இழந்தவர் பணத்தை நிருவகிக்கத் தக்கவரல்லர் என்பதைத் துவெயின் ஒப்புக்கொண்டமையே இங்குப் பெரிய செய்தி. மேலும், முழுக்கடனையும் தீர்க்கவே பயணம் செல்வதாக 1895இற் பத்திரிகைகளிலே வெளிப்படையாக அறிவித்தார். மறைக்க ஒன்றும் இல்லாமற் போனபின் மண்டபத்திற்கு வந்தோர் அவர்தம் நகைச்சுவைக்கு மட்டும் கட்டணம் கொடுத்தாரல்லர். கடன் தீரும் முயற்சியிலும் பங்காளராயினர்.

பயணம் முடிந்து இங்கிலாந்து சேர்ந்த காலத்தில், 1896 ஆகஸ்டில், ஊரில் இருந்த மூத்த மகள் நோயால் இறந்தார். தனித்துக் கடன் தீர்ப்பவனாயின் அன்றோடு அவன் முயற்சி நின்றிருக்கும். துவெயினின் முயற்சி நிற்கவில்லை. திட்டம் அவர் ஒருவர் நெஞ்சில் மட்டும் இருக்கவில்லை ஆதலால். பயணநூல் எழுதி முடிந்தது; 1898ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் கடன் முழுவதும் தீர்ந்தது.

கடன் தீர்த்த சான்றாண்மைக்கு எடுத்துக்காட்டாகத் துவெயினைவிடச் சேர் வால்டர் ஸ்கொட்டையே ஆசிரியர் கூறுவர். 1826இல் அச்சகமும் பதிப்பகமும் முறிய, ஏறத்தாழ 1,20,000 பவுண் கடன் அவர்மேல் வீழ்ந்தது. நண்பர் தர முன்வந்த உதவியை மறுத்துத் தம் கையாலேயே எழுதித் தீர்ப்பதாக உறுதிபூண்டார். அவ்வாண்டே மனைவியை இழந்தார். நூல்மேல் நூலாக எழுதிப் பெருந்தொகையைத் தீர்த்தார். பாரிசவாதம் மீண்டும் மீண்டும் தாக்க, 1832இல் 61ஆம் வயதில் மறைந்தார். எஞ்சிய கடன் அவர் நூல்களின் உரிமையைக்கொண்டு பின்னரே அடைக்கப்பட்டது. அவர் மனவுறுதி போற்றத்தக்கதே. ஆயினும் ஒன்றை மறத்தல் கூடாது: அவ்வச்சகத்தில் தாம் பங்காளி என்பதை ஸ்கொட் பல்லாண்டுகளாக உலகிற்கு மறைத்தே வைத்திருந்தார். மறைவிலே வளர்ந்த கடன், தனிமையிலே தீர்க்கப்பட்டது. இளைஞர்க்கு இக்கதையைக் கூறுங்கால் அதன் விலையையும் கூறுதல் நன்று.

மனந்தளர்வது ஏன் என்னும் வினாவிற்கு அண்மைக்கால ஆராய்ச்சிகள் சில ஒளி தருகின்றன. தமிழ்நாட்டின் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களிலே கரும்பு பயிரிடும் சிறு விவசாயிகள் 464 பேரைச் சோதித்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. கையில் பணமின்றி அடகும் கடனுமாக இருக்கும் அறுவடைக்கு முன்னைய காலத்தில், அறிவுச் சோதனைகளில் அவர்கள் பெற்ற பயன் குறைவு. அறுவடையின் பின் அதே மனிதர் மிகுந்த திறமை காட்டினர். கடனாளி தவறான முடிவு எடுப்பதைக் கண்டு அவனை அறிவிலி என்போர் இதனைக் கருதவேண்டும். முடிவெடுக்க வேண்டிய மனமே கடனுக்குள் அகப்பட்டுக் கிடக்கின்றது. ஆகவே, அகப்படாத இன்னொருவர் மனம் அருகே இருக்கவேண்டுவது தேவையாகின்றது.

சிங்கப்பூரில் நிகழ்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வு இதனினும் நுட்பமானது. வருவாய் குறைந்த 196 கடனாளிகளின் கடன்களை அறநிலையம் ஒன்று அடைத்து உதவிய பின், அவர்தம் மனநிலை அளக்கப்பட்டது. கவலை குறைந்தது, சிந்தனைத் திறன் கூடியது. ஆனால் அம்மாற்றம் அடைக்கப்பட்ட தொகையைவிட, முற்றாக மூடப்பட்ட கணக்குகளின் எண்ணிக்கையோடு தொடர்புடையதாய் இருந்தது. மனிதமனம் கடனை உரூபாவாக எண்ணுவதில்லை, ஆளாக எண்ணுகின்றது. ஐந்து பேர்க்குக் கொடுக்கவேண்டியவன் ஐந்து முகங்களை அஞ்சுகின்றான். ஒன்றை முற்றத் தீர்த்தால் நான்கு முகமே மிஞ்சும். சிறிய கணக்கு ஒவ்வொன்றாக மூடியவரே இறுதிவரை சென்றனர் என்று 2012இல் அமெரிக்க ஆய்வாளரும் கண்டனர்.

கணித ஆசிரியர் இதனை ஏற்கமாட்டார். வட்டி மிகுந்த கடனை முதலில் தீர்ப்பதே ஆதாயம் என்பது அவர் வாதம், அது தவறன்று. நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியுள்ள சிறுகடனும் பதினான்கு வட்டியுள்ள பெருங்கடனும் இருப்பின், சிறியதைத் தீர்த்து மனவூக்கம் பெறுவதால் வரும் நட்டம் சிறிது. ஆனால் நாள்வட்டியும், ஏலத்திற்கு நாட்குறித்த அடைவு நகையும் எதிரே நிற்கையில் ஊக்கத்தைப் பற்றிப் பேசுதல் வீண். அவற்றையே முதலில் ஒழிக்கவேண்டும். எது எந்நிலை என்று பிரித்தறிய முழுக் கணக்கும் ஒரு தாளில் எழுதப்படவேண்டும். அத்தாளை எழுதுவதே பலர்க்கு அச்சந் தருவது. மொத்தத் தொகையைக் கூட்டிப்பார்க்க மறுத்து ஆண்டுக்கணக்கில் தவணை மட்டும் கட்டிவருவோர் கற்றவருள்ளும் உளர்.

ஒருவர் கணக்கை மற்றவர் அறிந்து துணைநிற்கும் முறைகள் நமக்குப் புதியன அல்ல. சீட்டை எடுத்துக்கொள்வோம். பத்துப்பேர் மாதம் பத்தாயிரம் உரூபா போட, முதலாமவர் ஓரிலட்சம் எடுக்கின்றார். அன்று தொட்டு அவர் மற்ற ஒன்பதின்மர்க்கும் கடனாளி. வங்கித் தவணையைத் தவறவிடும் அதே மனிதர் சீட்டுப்பணத்தைத் தவறாது கொடுப்பதைக் காண்கின்றோம். வங்கிக்கு முகமில்லை, சீட்டிற்கு ஒன்பது முகங்கள் உண்டு. இதே தத்துவத்தை ஜெர்மானியர் றைபைசன் 1860களில் ஊர்க் கடனுதவிச் சங்கங்களாக வகுத்தார். ஒருவர் பட்ட கடனுக்கு ஊரார் யாவரும் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. இலங்கையில் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் அதற்கு இடமளித்தது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஐக்கிய நாணய சங்கங்கள் வேரூன்றின. 1978 தொடக்கம் 'சணச' இயக்கம் சிக்கன கடனுதவிச் சங்கங்களுக்குப் புத்துயிர் அளித்தது. சங்கம் கடன் கொடுத்ததோடு நிற்கவில்லை. எதற்கு என்று கேட்டது. அக்கேள்வியே பல குடும்பங்களைக் காத்தது. கொழும்புக்குக் குடிபெயர்ந்தோர் ஊரை விட்டதோடு அக்கேள்வியையும் விட்டுவந்தனர்.

அமெரிக்காவிலே 1976 முதல் கடனாளிகள் தாமே கூடிப் பேசும் சங்கங்கள் இயங்குகின்றன. உறுப்பினர் இருவர் மூன்றாமவரோடு இருந்து அவர்தம் வரவுசெலவைப் பார்த்து, அடுத்த மாதத்திற்குத் திட்டம் வகுத்தல் அவற்றின் வழக்கம். அவர்கள் பணம் கொடுப்பதில்லை, கணக்கையே பார்க்கின்றனர். வெள்ளவத்தை நூலக மண்டபத்திலோ கோயில் மடத்திலோ இத்தகைய கூட்டம் நடைபெறுவதற்குத் தடை யாதுமில்லை, வெட்கம் ஒன்றைத் தவிர.

அவ்வெட்கத்திற்கு அண்மை வரலாறு ஒரு விடை கூறியிருக்கின்றது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைத் தற்போதைக்குத் திருப்பிக் கொடுக்க இயலாது என்று இலங்கை அரசே அறிவித்தது. அதற்கு நான்கு நாட்களுக்கு முன் மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரே முறையில் நூற்றுக்கு ஏழு கூட்டியிருந்தது. செப்டெம்பரிற் கொழும்பு விலைவாசி முந்திய ஆண்டிலும் ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்து நின்றது. மாறும் வட்டியில் வீட்டுக்கடன் எடுத்தோரின் தவணை, அவர்கள் ஒரு தவறும் செய்யாமலே பெருகிற்று. அரசு தன் கடன்கொடுத்தோரை ஒரு மேசைக்கு அழைத்தது, தவணையை நீட்டிக்கேட்டது, 2023 மார்ச்சிற் சர்வதேச நாணய நிதியத்தின் உதவியைப் பெற்றது. நாடு செய்த இதனைக் குடும்பத் தலைவர் ஒருவர் செய்வதில் இழிவு யாது? தவணை மூன்று தவறியபின் வங்கி முகாமையாளரைக் காண்பதினும், ஒன்று தவறப்போகும் முன்னரே காண்பது எளிது. ஆயினும் பெரும்பாலோர் வங்கியின் கடிதத்தைப் பிரியாமலே மேசையறையில் வைக்கின்றனர்.

சட்டமும் கடனாளியை முற்றிலுங் கைவிடவில்லை. திரண்ட வட்டி முதலை மிஞ்சலாகாது என்பது உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. பண்டை இந்துச் சட்டமும் இதனையே கூறியமை வியப்பிற்குரியது. வங்கிகளின் கடனுக்கு இது அப்படியே பொருந்துமென்று கொள்ளலாகாது. சட்டத்தரணியைக் கேட்டறிதல் வேண்டும். 1918ஆம் ஆண்டுக் கடன்கொடுத்தற் கட்டளைச்சட்டம், வாக்குறுதிச் சீட்டிலே உண்மையில் கொடுத்த தொகை, முற்கூட்டியே கழித்த வட்டி, ஆண்டு வட்டிவீதம் ஆகியவை எழுதப்படவேண்டும் என்கிறது. வெற்றுத்தாளிற் கையெழுத்து வைத்துக்கொடுக்கும் வழக்கம் இன்னும் ஒழியாமையால் இதனை மாணவரும் அறிந்திருத்தல் நலம். காணி, வீடு ஈடுவைத்தோர்க்கும் கடன்கொடுத்தோர்க்கும் இடையே இணக்கங்காண 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கடன் இணக்கச் சபையும் உண்டு.

துணைக்கு எவரைத் தேர்வது? இதில் தவறு நிகழ்வது எளிது. இரக்கத்தால் மேலும் கடன் கொடுப்பவர் துணையல்லர்; பழைய கடனைப் புதிய கடனால் மூடத் தூண்டுவோர் அவரே. குற்றங்கூறும் உறவினரும் பயன்படார். அவர்க்கு அஞ்சி உண்மைக் கணக்கு ஒளிந்துகொள்ளும். மாதம் ஒருமுறை அரைமணி நேரம் இருந்து தாளைப் பார்த்து, சென்ற மாதம் குறித்ததும் இம்மாதம் நடந்ததும் ஒன்றா என்று கேட்பவர் போதும். அவர் ஓய்வுபெற்ற இலிகிதராகவும் இருக்கலாம். உடன் கற்பிக்கும் ஆசிரியராகவும் இருக்கலாம். மனைவியோ கணவனோ இக்கணக்கை முழுமையாக அறிதல் அதற்கு முன்னரே வேண்டற்பாலது. வீட்டிலுள்ளோர் அறியாத சிக்கனம் நிலைப்பதில்லை. தகப்பன் ஏன் பேருந்தில் வருகின்றார் என்பதை அறிந்த பிள்ளை சப்பாத்துக்கு அழுவது குறையும்.

பிணை நின்றவரை மறத்தலும் பொதுக்குற்றம். நம் வங்கிகளிற் கடன் பெறுவோர்க்குப் பெரும்பாலும் உடன் தொழில்புரியும் நண்பர் இருவரே பிணை. அவர்கள் ஒரு கையெழுத்தோடு தம் சம்பளத்தையும் பணயம் வைத்தவர். கடனாளி தவணை தவறும்போது முதலில் தவிர்ப்பது அவர்களையே. கல்லூரி ஓய்வறையில் அவர்கள் இருக்கும் பக்கம் போகாமல் வேறு வாயிலால் வெளியேறுவார். பல்லாண்டு நட்புகள் இவ்வாறு அழிந்தன. அவர்கட்கு மும்மாதத்திற்கு ஒருமுறை எஞ்சிய தொகையைச் சொல்லிவைப்பதால் ஒரு சதமும் செலவில்லை. தவறப்போகும் மாதத்தில் அவர்கள் பகைவராகாது துணைவராவர்.

இறுதித் தவணை கட்டிய அன்றே எல்லாம் முடிந்துவிட்டதெனக் கருதி வீடு திரும்புவோர் உளர். வீட்டின் உறுதியை வங்கியிடமிருந்து மீட்டு, ஈட்டுவிடுவிப்பைக் காணிப் பதிவகத்திற் பதிவித்த பின்னரே ஆதனம் தன்னுடையதாகும். பிணைப்பத்திரங்களையும் கேட்டுப் பெற்று, கையெழுத்திட்ட இருவரிடமும் நேரிற் கொண்டுசென்று கொடுக்கவேண்டும். தபாலில் அனுப்புவோரும் உண்டு, அது போதாது.